அஞ்சலக வேலைக்கு நடுவே முதல் நாவல்: விடுப்பு எடுக்க வேண்டுமா?

நெசவூரான்:
அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு தலைமை அஞ்சலகத்தில் சேமிப்பு வங்கிப் பிரிவில் பணிபுரிகிறேன். பகல் முழுவதும் பாஸ்புக்குகளும் படிவங்களுமாகக் கழிகிறது. மாலையில் ரொக்கத்தைக் கணக்கோடு ஒப்பிட்டு முடித்து வீடு சேர ஏழரை மணி ஆகிவிடுகிறது. எங்கள் ஊரில் கைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்று விசைத்தறிகள் வந்த 1980களை வைத்து ஒரு நாவல் எழுதி வருகிறேன். நான்கு அத்தியாயங்கள் ஆகியுள்ளன. ஐந்தாவதற்கு உட்காரும்போதெல்லாம் பழையவற்றைப் படித்துத் திருத்துவதிலேயே இரவு போய்விடுகிறது. மூன்று மாதம் ஊதியமில்லா விடுப்பு எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன் எல்லாம் உண்டு. அரசு ஊழியர் நாவல் வெளியிட மேலிடத்து அனுமதி வேண்டுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

படித்துறை:
விடுப்பு வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் துறையிலேயே இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஊழியரான ஆந்தனி டிரோலப், அயர்லாந்தில் பணியாற்றியபோது எழுதிய முதல் நாவலை 1847இல் வெளியிட்டார். பெயரும் பணமும் வந்த பிறகும் 1867 வரை வேலையை விடவில்லை. அதிகாலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காபி தருவதற்காகவே பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதியதைத்தான் எல்லோரும் வியந்து பேசுவார்கள். அந்த வேகம் நமக்குத் தேவையில்லை. உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படித்துவிட்டு, அதன் பிறகே புதிதாக எழுதத் தொடங்குவார் என்பதுதான் உங்களுக்கு உதவும் செய்தி. முந்தைய நாள் எழுதியதை மட்டும் படியுங்கள். முதல் அத்தியாயத்தின் பக்கமே போகாதீர்கள்.

ஒரே மூச்சில் எழுதும் ஆசைக்கு மறுபக்கம் ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா. பிராக் நகரின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பிற்பகல் 2 மணியோடு அவருக்கு வேலை முடிந்துவிடும். 1912 செப்டம்பர் 22 அன்று இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், காலை ஆறு மணிக்குள் ஒரு சிறுகதையை முழுமையாக முடித்து, எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நாட்குறிப்பில் பூரித்தார். ஆனால் அவருடைய மூன்று நாவல்களும் முடிக்கப்படாமலேயே நின்றுபோயின. நோய் உட்பட அதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், சிறுகதைக்குக் கைகொடுக்கும் அந்த வெறி நாவலுக்கு எட்டாது என்றே நினைக்கிறேன். நாளொன்றுக்கு 300 சொற்கள், வாரத்துக்கு ஐந்து நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 30 வாரங்களில் 45,000 சொற்கள் சேரும். முதல் நாவலுக்கு அது போதும்.

மதியவேளை:
டிரோலப்புக்குக் காபி கொண்டுவர ஆள் இருந்தார். நம்மில் பலர் அந்த நேரத்தில் பிறருக்குக் காபி போட்டுக்கொண்டிருப்போம். எனவே, எந்த வேளை என்பதை உங்கள் வீடுதான் முடிவு செய்யும். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கும் நான் மதிய உணவு இடைவேளையில் எழுதுகிறேன். எழுந்திருக்கும் முன் அடுத்து வரவேண்டியதை ஒரு வரியில் குறித்துவிடுவேன். "ஐந்தாம் அத்தியாயத் தொடக்கம்" என்று குறிப்பதால் பயனில்லை. "தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டிருக்கும்போது தூறல் விழுகிறது, சுருட்டச் சொல்லி அப்பா கத்துகிறார், பெரியவன் அசையவில்லை" என்று குறித்தால், மறுநாள் அந்தத் தெருவிலேயே போய் நிற்கலாம்.

பழைய அத்தியாயத்தில் ஒருவரின் வயதையோ உறவுமுறையையோ மாற்றத் தோன்றினால், அதைத் தனி நோட்டில் எழுதி வைத்துவிட்டு, மாற்றிவிட்டதாகவே கருதி மேலே செல்லுங்கள். நான்காம் அத்தியாயம் வரை தங்கையாக இருந்தவர் ஐந்தாவதில் அக்காவாக வந்தால் இப்போது ஒன்றும் கெட்டுவிடாது. முழுப் பிரதியும் கையில் இருக்கும்போது ஒரே மாலையில் சரிசெய்துவிடலாம்.

ஓய்வூதியர்:
அனுமதி பற்றிக் கேட்டீர்கள். மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964இன் 15ஆம் விதி, அலுவல் கடமை பாதிக்கப்படாத வரையில் அவ்வப்போது இலக்கியப் பணி செய்வதற்கு முன் அனுமதி கேட்பதில்லை. நூல் வெளியிடும்போது அதிலுள்ள கருத்துகள் உங்களுடையவை, அரசினுடையவை அல்ல என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்கிறது 8ஆம் விதி. பலரும் கவனிக்கத் தவறுவது 9ஆம் விதி: அரசின் நடப்பு அல்லது அண்மைக் கொள்கையைப் பாதகமாக விமர்சிக்கும் கூற்றைப் புனைபெயரில் வெளியிட்டாலும் அது விதிமீறல்தான். தமிழில் பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரியாக இருந்துகொண்டுதான் நாவல்கள் எழுதினார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நெசவூரான்:
மூவருக்கும் நன்றி. விடுப்பு எண்ணத்தைக் கைவிடுகிறேன். ஓய்வூதியர் ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. சில துணி இரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கிய 1985இன் கைத்தறி இரக ஒதுக்கீட்டுச் சட்டம் விசைத்தறிகளைத் தடுக்கவில்லை என்று என் பாத்திரங்கள் கடுமையாகவே பேசுகிறார்கள். அது 9ஆம் விதிக்குள் வருமா?

ஓய்வூதியர்:
கதை நடக்கும் காலத்து மனிதர்கள் தங்கள் பிழைப்பைப் பற்றிப் பேசுவதைக் கதையாகவே கொள்வார்கள் என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருப்பதால், அதே விமர்சனத்தை முன்னுரையில் உங்கள் சொந்தக் குரலில் எழுதாதீர்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் விதிகள் அறிந்த ஒருவரிடம் அந்தப் பக்கங்களை மட்டுமாவது காட்டிவிடுங்கள். இப்போதைக்கு அவர்கள் பேசட்டும்.