புதுக்கோட்டைப் பக்கம் மூன்று நாள்: அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு எங்கே போகலாம்?

மயிலாப்பூர்க்காரி:

அனைவருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில் மூன்று நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. திருச்சியில் தங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் மூன்றையும் பலமுறை பார்த்தாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்ற ஆண்டுதான் போய்வந்தோம். இம்முறை வரிசையில் நின்று, நெரிசலில் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக மனமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் பழைய குகைக் கோயில்களும் ஓவியங்களும் நிறைய உண்டு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆனால் சித்தன்னவாசல் என்ற ஒரு பெயருக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. இரண்டு முழங்காலிலும் வலி. பத்துப் பன்னிரண்டு படிகள் ஏறுவார், அதற்கு மேல் முடியாது. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், படம் வரைவதில் ஈடுபாடு அதிகம். வாடகைக் கார் வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்துக்காரர்கள், "இதைப் பார்க்காமல் போகாதீர்கள்" என்று நீங்கள் உங்கள் உறவினர்களுக்குச் சொல்லும் இடங்களை எனக்கும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீரனூர் வாசி:

வணக்கம் சகோதரி. எங்கள் பக்கம் வருவதாகச் சொன்னதில் மகிழ்ச்சி. வெளியூர் உறவினர் யார் வந்தாலும் நான் முதலில் அழைத்துப் போவது நார்த்தாமலைக்குத்தான், சித்தன்னவாசலுக்கு அல்ல. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் கீரனூரைத் தாண்டியதும் இடப்பக்கமும் வலப்பக்கமும் மொட்டைப் பாறைகள் தலைகாட்டத் தொடங்கும். அவற்றுள் மேலமலை என்னும் பாறையின் மேல் இருப்பது விசயாலய சோழீசுவரம். பெயரில் சோழர் இருந்தாலும், இதைக் கட்டியவர் சாத்தன் பூதி என்கிற முத்தரையர் என்றும், பின்னர் மழையில் இடிந்ததை இன்னொருவர் புதுப்பித்தார் என்றும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். வெளிச்சுவர் சதுரம், அதற்குள் கருவறை வட்டம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. சுற்றிலும் எட்டுச் சிறு கோயில்கள் இருந்திருக்கின்றன, இப்போது ஆறுதான் நிற்கின்றன.

கோயிலுக்கு எதிரே பாறையைக் குடைந்த குகைகள் இரண்டு. அவற்றில் பெரிய குகையைச் சமணர் குடகு என்பார்கள். பெயருக்கு மாறாக உள்ளே இருப்பவை திருமாலின் உருவங்கள், மொத்தம் பன்னிரண்டு. ஒரே அச்சில் வார்த்தாற்போல் ஆள் உயரத்தில் சுவரை ஒட்டி நிற்கும். என் அண்ணன் மகன் ஒவ்வொன்றாக நின்று பார்த்து, வேறுபாடு கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று அரைமணி நேரம் அங்கேயே இருந்துவிட்டான். உங்கள் மகளுக்கும் அது பிடிக்கும். குகையின் முன்மேடையில் யானை, யாளி, மகரம் என வரிசையாகச் செதுக்கியிருப்பதையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். நின்றபடி பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தவறவிடுகிறார்கள்.

கோயில் மேற்குப் பார்த்தது. ஆகவே மாலை நான்கு மணிக்குப் பிறகு போனால் முகப்பின் துவாரபாலகர்கள் மீது சாய்வெயில் விழுவதைப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து வெறும் பாறையில் கால்மணி நேரம் ஏற வேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு):

கீரனூர் அன்பர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் முழங்கால் வலி உள்ள எழுபத்தொரு வயது அம்மையாரை மாலை நான்கு மணிக்குச் சரிவான பாறையில் ஏற்றி, இருட்டுவதற்குள் இறக்கிக்கொண்டு வா என்பது எனக்கு ஒப்பவில்லை. ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் படும் பாடு அதிகம். தாயாரை அடிவாரத்துக் கடம்பர் கோயிலில் அமரவைத்துவிட்டு நீங்களும் மகளும் மட்டும் ஏறலாம். அதுவும் பழைய சோழர் கோயில்தான். நிழல் உண்டு, எதிரே குன்று, ஆள் அரவம் இராது. யாராவது ஒருவர் உடன் இருக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு என் விடை கொடும்பாளூர். திருச்சி–மதுரைச் சாலையில் விராலிமலையைத் தாண்டிச் சற்று உள்ளே போக வேண்டும். உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் "கொடும்பை" என்று குறிப்பிடுவது இந்த ஊரைத்தான். இங்கிருந்து ஆண்ட இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி, தன் பெயரில் ஒன்றும் கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பெயரில் இரண்டுமாக மூன்று விமானங்களை எடுப்பித்தான். அதனால் மூவர் கோயில் என்று பெயர். மூன்றில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த வெற்றுத் தளத்தைப் பார்க்கும்போதுதான் ஒரு கோயில் எப்படி அடுக்கப்படுகிறது என்பது விளங்குகிறது என்று என் மாணவர்களிடம் சொல்வேன். சுற்றிலும் பதினைந்து சிறு கோயில்களின் அடித்தளங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. எல்லாம் சமதரையில், புல்வெளிக்கு நடுவில். உங்கள் தாயார் நடந்தே பார்க்கலாம்.

இரண்டாவதாகக் குடுமியான்மலை. புதுக்கோட்டையிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் அளவில் வரும். சிகாநாதர் கோயிலின் முன்மண்டபத் தூண்களில் ரதி, மன்மதன், பத்துத் தலை இராவணன், இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர் எல்லாம் ஆளைவிடப் பெரிய உருவில் நிற்கிறார்கள். நாயக்கர் காலக் கைவண்ணம். படம் வரையும் பிள்ளைக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து அங்கே உட்கார்த்தினால் மதியம் வரை எழுந்திருக்கமாட்டாள்.

ஆனால் அந்த மண்டபத்தோடு திரும்பிவிடாதீர்கள். கோயிலை ஒட்டிய பாறையில், மேலைக்கோயில் என்னும் குடைவரைக்குப் பக்கத்தில், புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. கேட்டால்தான் காட்டுவார்கள், கேட்காதவர்களுக்கு அது வெறும் பாறை. ஏழு பிரிவுகளாக, ஏழு பண்களுக்குரிய சுரங்களை நான்கு நான்காகச் சேர்த்துப் பழைய கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். முடிவில் மட்டும் "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று ஒரு தமிழ் வரி. எட்டும் ஏழும் யாழின் நரம்புகளா, வேறெதுவுமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நான் முதன்முறை பார்த்தபோது கோயில் ஊழியர் ஒருவர் கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேராக அடித்தால் கண்ணுக்கே தெரியாத எழுத்துகள், நிழல் விழுந்ததும் வரிவரியாக எழுந்து வந்தன. கைபேசி விளக்கிலும் அப்படியே செய்து பாருங்கள்.

காரைக்குடி மருமகள்:

சித்தன்னவாசலை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள், தோழி. ஓவியம் வரையும் பெண்ணை அந்த ஊர் வரைக்கும் அழைத்துப்போய் அதைக் காட்டாமல் திரும்புவது நியாயமில்லை. ஓவியங்கள் இருக்கும் அறிவர் கோயில் என்ற சமணக் குகைக் கோயில், மலையின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது. சில படிகள், அவ்வளவுதான். கைப்பிடித்து மெதுவாக ஏறினால் உங்கள் அம்மாவும் வந்துவிடுவார். முகப்பில் நிற்கும் தூண்களைப் பார்த்துக் கோயிலின் பகுதி என்று எண்ணிவிட வேண்டாம். அவை புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நட்டவை. உள்ளே தலையை அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுவதும் ஒரு தாமரைக் குளம்: மீன், அன்னம், எருமை, யானை, நடுவே பூப்பறிக்கும் ஆட்கள். பெரும்பகுதி உதிர்ந்துபோய்விட்டது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியாது, அங்கிருக்கும் பணியாளர் ஒரு தாமரைத் தண்டைச் சுட்டிக்காட்டுவார், அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொன்றாகப் புலப்படும். பூப்பறிக்கும் இளைஞன் ஒருவன் தண்டுகளைத் தோளில் சாய்த்தபடி திரும்பிப் பார்ப்பதை என் மகள் இரண்டு வாரம் நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டிருந்தாள். நாங்கள் போனபோது உள்ளே படம் எடுக்க விடவில்லை. அதுவும் நல்லதற்குத்தான் என்று தோன்றியது.

இவற்றைப் பல்லவ மகேந்திரவர்மன் காலத்தவை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் கோயிலைப் புதுப்பித்ததாகச் சொல்லும் கல்வெட்டுப் பாடல் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. மலையின் மறுபக்கத்தில் இருக்கும் ஏழடிப்பட்டம், அதாவது பதினேழு கற்படுக்கைகளும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டும் உள்ள குகைத்தளம், அம்மாவுக்கு ஆகாது. செங்குத்தான ஏற்றம், வெயிலில் கம்பிப்பிடி சுடும். நீங்கள் இருவரும் காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிட்டால் சரி.

மூன்றாம் நாளைத் தெற்குப் பக்கம் ஒதுக்குங்கள். திருமயம் கோட்டைக்கு 1687-ஆம் ஆண்டைச் சொல்வார்கள், சேதுபதி கட்டியது. கோட்டை உச்சி உங்களுக்கும் மகளுக்கும். அம்மாவுக்குக் கீழே இருக்கும் சத்தியமூர்த்திப் பெருமாள், சத்தியகிரீசுவரர் கோயில்கள். ஒரே பாறையைக் குடைந்து பக்கத்துப் பக்கத்தில் அமைத்த சைவ, வைணவக் கோயில்கள் அவை. வருமானத்தைப் பங்கிடுவதில் இரு தரப்புக்கும் மூண்ட சண்டையை 1245-இல் போசள (ஹொய்சள) தளபதி அப்பண்ணன் தீர்த்துவைத்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்கக் குறைந்தது பத்து நிமிடம் வேண்டும், தலையிலிருந்து கால் வரை அவ்வளவு நீளம்.

அங்கிருந்து ஆத்தங்குடிக்குப் போய்விடுங்கள். கோயில் பார்த்துப் பார்த்துச் சலித்த குழந்தைக்கு அது மாற்றாக இருக்கும். பூக்கல் என்னும் வண்ணத் தரைக்கல் செய்யும் பட்டறைகளில் கேட்டுக்கொண்டு உள்ளே நின்று பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் பூ வடிவத் தகர அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் நிறக்குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக்கலவையை அப்பித் தேய்த்து, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கடைசியில் கண்ணாடி கழன்று வரும்போது தெரியும் பளபளப்பு அந்தக் கண்ணாடியிடமிருந்து வாங்கியதுதான், மெருகு எதுவும் போடுவதில்லை. ஒரு கல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்துக் கல் வாங்கிவிட்டுப் பேருந்தில் சுமந்த அனுபவம் எனக்கு உண்டு.

மயிலாப்பூர்க்காரி:

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி கொடும்பாளூரையும் குடுமியான்மலையையும் முதல் நாளில் வைத்திருக்கிறேன். இரண்டாம் நாள் விடியற்காலை சித்தன்னவாசல், மாலை நார்த்தாமலை. அம்மாவோடு கடம்பர் கோயிலில் ஓட்டுநரை இருக்கச் சொல்லப் போகிறேன். மூன்றாம் நாள் திருமயமும் ஆத்தங்குடியும்.

இரண்டு சந்தேகங்கள் மட்டும் பாக்கி. இந்த இடங்களில் பெண்கள் பயன்படுத்தும்படி கழிப்பறை இருக்குமா? மதிய உணவுக்கு என்ன செய்வது? அம்மா வெளியில் காரம் சாப்பிடமாட்டார்.

கீரனூர் வாசி:

சகோதரி, ஆசிரியர் ஐயா என்னைத் திருத்தியது நியாயம்தான்; நான் என் காலை வைத்து யோசித்துவிட்டேன்.

கழிப்பறையைப் பொறுத்தவரை, சித்தன்னவாசலில் பூங்கா இருப்பதால் அங்கே சமாளித்துவிடலாம். நார்த்தாமலைக்கும் கொடும்பாளூருக்கும் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. உணவுக்கு எந்தக் கோயில் ஊரையும் நம்ப வேண்டாம். முதல் நாள் விராலிமலையிலும், இரண்டாம் நாள் புதுக்கோட்டை நகரத்திலும் சைவ உணவகங்கள் கிடைக்கும். அம்மாவுக்குத் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. இரவு நகரத்தில் இருந்தால் நீங்களும் மகளும் முட்டை மாஸ் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். வேகவைத்த முட்டையை வெங்காயத்தோடும் சால்னாவோடும் கல்லில் போட்டுக் கொத்தித் தருவது, எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூரில் ஏங்குவது இதற்குத்தான்.

கைபேசி காட்டும் வழியை மட்டும் நார்த்தாமலைக்கு நம்பாதீர்கள். சென்ற ஆண்டு என் மைத்துனரை அது குறுக்குவழி என்று சொல்லி ஒரு கல்குவாரிக்குள் கொண்டுபோய் விட்டது. எதிரே லாரி வர, பின்னோக்கியே முக்கால் கிலோமீட்டர் வந்தார். முதன்மைச் சாலையில் முத்துமாரியம்மன் கோயிலுக்கு எப்படிப் போவது என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். அங்கிருந்து மேலமலை கண்ணுக்கு எதிரே தெரியும். விசயாலய சோழீசுவரம் பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள், சாவி வைத்திருக்கும் காவலர் பெரும்பாலும் குகைப் பக்கத்து நிழலில்தான் உட்கார்ந்திருப்பார்.

தமிழாசிரியர் (ஓய்வு):

ஒரு சிறு திருத்தம். முதல் நாள் குடுமியான்மலையைக் காலையிலும் கொடும்பாளூரை மாலையிலும் வையுங்கள். குடுமியான்மலைக் கோயில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மூவர் கோயிலுக்கு அந்தக் கவலை இல்லை. அதுவும் மேற்குப் பார்த்ததுதான் என்பதால், கீரனூர் அன்பர் நார்த்தாமலையில் சொன்ன அந்தச் சாய்வெயில், உங்கள் தாயாருக்கு அங்கே படியேறாமலே கிடைக்கும்.