தாப்பா பக்கம் ஊதா நில ஆர்க்கிட்: யார் யார் எங்கே பார்த்தீர்கள்?

திரி தொடங்கியவர், தாப்பா:

மலேசியாவில் நம் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிற பழைய சாலையில் போகிறவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும், சாலைக்காக வெட்டிய மண்மேட்டில், பெரணிப் புதருக்கு நடுவே இடுப்பளவுத் தண்டு நீண்டிருக்கும். அதன் நுனியில் நாலைந்து ஊதாப் பூ. ஆர்க்கிட் என்றாலே மரத்தில் தொற்றி வளர்வது என்று நினைப்பவர்கள் இதை ஏதோ களை என்று தாண்டிப் போய்விடுவார்கள். இது மண்ணில் வேர்விட்டு, நல்ல வெயில் தாங்கும் ஆர்க்கிட். ஸ்பேத்தோகிளாட்டிஸ் பிளிக்காட்டா என்று 1825இல் புளூமே பெயர் வைத்தார். அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் தாவரங்களை விவரித்து எழுதியவர் அவர். இந்தப் பேரினத்தையும் அதே ஆண்டில் அவர்தான் உருவாக்கினார். இன்று அதில் ஐம்பது இனம் போல இருக்கின்றன.

நான் தேடுவது காட்டில் தானாக வளர்ந்த செடிகளை. பார்த்தவர்கள் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்த இடம், வெயிலா நிழலா, பக்கத்தில் வீடு இருக்கிறதா. மூன்றாவதை ஏன் கேட்கிறேன் என்பது பேச்சு வளர்ந்தால் புரியும்.

பீடோர் அக்கா:

தம்பி, நான் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற வேலை பார்த்தவள். பூ இல்லாத நேரத்தில் இந்தச் செடியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நீள இலை, நெடுக மடிப்பு மடிப்பாக இருக்கும். பழம் உதிர்ந்து தானாக முளைக்கிற செம்பனைக் கன்றும் சின்ன வயதில் அப்படியேதான் இருக்கும். அந்தக் கன்றுகளை அழிக்கச் சொல்லித்தான் மண்டோர் (மேற்பார்வையாளர்) எங்களை அனுப்புவார். ஆகவே இதுவும் சேர்ந்து மருந்தில் போய்விடும். வாய்க்கால் ஓரத்திலும் லோரி போகிற மண்பாதைச் சரிவிலும்தான் பிழைத்துக்கிடக்கும். மரத்தடி இருட்டில் நான் பார்த்ததே இல்லை.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் அடியைத் தோண்டிப் பாருங்கள். ஆர்க்கிட்டுக்கு மண்ணோடு மண்ணாக உருண்டையான கிழங்கு மாதிரி ஒன்று இருக்கும். செம்பனைக் கன்றுக்கு அது கிடையாது. அப்புறம் இன்னொன்று. மொட்டுப் பக்கம் எறும்பு மொய்க்கும். பூவைப் பறிக்கப் போய் நிறையக் கடி வாங்கியிருக்கிறோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை, தாப்பா ரோடு:

அக்கா சொன்ன எறும்பு சரிதான். பூக்காம்போரத்து இலைச் செதில்களில் தேன் சுரக்கிறது, அதற்குத்தான் எறும்பு வருகிறது. மகரந்தம் கொண்டு போவது வேறு பூச்சி. நம் பக்கங்களில் பெரிய கருவண்டு போல ரீங்காரமிடும் மரத்தச்சன் தேனீ வரும். சில செடிகள் யார் உதவியும் இல்லாமல் தானே காய் பிடிக்கின்றன. இது முக்கியம், பிறகு யாராவது இதைத் தொடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

அதே சாலையில் இன்னொரு ஆர்க்கிட்டும் நிற்கிறது. பல பேர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு படம் போடுகிறார்கள். மூங்கில் போன்ற தண்டு, ஆளுயரம்கூட வரும், புல் இலை இரண்டு வரிசையாக. உச்சியில் பெரிய வெளிறிய இளஞ்சிவப்புப் பூ, உதடு என்று சொல்கிற கீழ் இதழ் மட்டும் ஊதா. அது அருண்டினா கிராமினிஃபோலியா. அடியில் அந்தக் கிழங்கு இருக்காது. பூ சில நாள்தான் நிற்கும், அடுத்த மொட்டு விரியும்.

வகைப்பாட்டில் வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒரு காலத்தில் பிளெட்டியா என்ற அமெரிக்கப் பேரினத்தின் பெயரைத் தாங்கியவை. அருண்டினாவை 1825இல் தாவரவியலாளர் டேவிட் டான் பிளெட்டியா கிராமினிஃபோலியா என்றார். பிளிக்காட்டாவைக் கோடிஷோ என்ற இன்னொரு தாவரவியலாளர் பிளெட்டியா அங்குஸ்டாட்டா என்றார். பூவின் வெளித்தோற்றத்தை வைத்துச் செய்த ஏற்பாடு அது. இப்போது மரபணு ஆராய்ச்சிக்குப் பிறகு ஸ்பேத்தோகிளாட்டிஸை கலாந்தே, ஃபாயஸ் ஆகியவற்றோடு கொலாபியே என்ற குலத்தில் வைத்திருக்கிறார்கள். அருண்டினா வேறு குலம், அரெதூசியே. ஒரே மண்மேட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் நெருங்கிய உறவு இல்லை. எனக்கு இது சரியாகவே படுகிறது. தண்டையும் கிழங்கையும் பார்த்தவர்கள் பூவை நம்பி ஏமாற மாட்டார்கள்.

நர்சரி வைத்திருப்பவர், தெமோ:

திரி தொடங்கியவர் அண்ணனுக்கு ஒரு எச்சரிக்கை. வீடு பக்கத்தில் இருந்தால் அந்தச் செடியைக் காட்டுச் செடி என்று எண்ணாதீர்கள். இங்கே தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசலில், கோயில் சுற்றுச்சுவரோரம், பள்ளிக்கூடத் தொட்டியில் எல்லாம் இதுதான். விதை தூசு மாதிரி, காற்றில் பறக்கும். காய் முற்றுவதும் மற்ற ஆர்க்கிட்டைவிட வேகம்.

தொட்டியில் நாங்கள் விற்பதில் பாதிக்கு மேல் கலப்பு. மஞ்சள், பீச், வெள்ளை, புள்ளி வைத்தது எல்லாமே. இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் அதன் இயக்குநர் ஹோல்ட்டம் ஆர்க்கிட் கலப்பினம் உருவாக்கத் தொடங்கியபோது, அங்கே முதலில் பூத்த கலப்பு இந்த இனத்தைத்தான் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டது. பெயர் ஸ்பேத்தோகிளாட்டிஸ் பிரிம்ரோஸ், 1930களின் தொடக்கம். மற்றப் பெற்றோர் ஸ்பேத்தோகிளாட்டிஸ் ஆரியா, நம் மலைப் பகுதியில் வளரும் பொன் மஞ்சள் பூ. ஆகவே சாலையோரம் வெளிர் மஞ்சளும் ஊதாவும் கலந்த நிறத்தில் ஒன்று கண்டால், எனக்கு முதலில் தோட்டத்திலிருந்து தப்பியது என்ற சந்தேகம்தான் வரும்.

திரி தொடங்கியவர்:

அதனால்தான் மூன்றாவது கேள்வி கேட்டேன் தம்பி. ஆனால் எல்லாவற்றையும் தப்பியது என்று ஒதுக்கவும் முடியாது. இது இந்த மண்ணின் செடி. இந்தியாவிலிருந்து தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நியூகினி, வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை இயற்கையாகவே பரவியிருக்கிறது. இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலைத் தீவு 1883இல் வெடித்து எல்லா உயிரையும் எரித்துவிட்ட பிறகு, அங்கே முதலில் திரும்பி வந்த ஆர்க்கிட்களில் இதுவும் அருண்டினாவும் இருந்தன. யாரும் தொட்டி வைத்துக் கொண்டுபோகவில்லை. காற்றுதான் கொண்டுபோனது. சாம்பல் மேட்டில் முளைத்த செடிக்கு, நெடுஞ்சாலைக்கு வெட்டிய மண் என்ன கஷ்டம்?

வெட்ட வெளி, சரிந்த மண், போட்டி இல்லாத இடம், இதுதான் அதன் சொந்த இடம். நாம் சாலை போட்டு அந்த இடத்தைப் பெருக்கிக் கொடுத்திருக்கிறோம்.

கம்பாரிலிருந்து படிக்கிறவர்:

ஆசிரியை சொன்ன தானே காய் பிடிக்கும் விஷயத்தின் மறுபக்கத்தைச் சொல்கிறேன். ஹவாய், புளோரிடா, புவேர்ட்டோ ரிக்கோ எல்லாம் இதற்கு வெளிநாடு. தோட்டச் செடியாகப் போய் இப்போது காட்டில் இறங்கிவிட்டது. புவேர்ட்டோ ரிக்கோவில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அங்கே உள்ளூர் நில ஆர்க்கிட்டின் பூவைத் தின்னும் ஒரு சிறு கூன்வண்டு உண்டு. ஸ்பேத்தோகிளாட்டிஸ் வந்ததும் அந்த வண்டுக்கு இன்னொரு சாப்பாடு கிடைத்து, எண்ணிக்கை பெருகியது. இரண்டும் சேர்ந்து வளரும் இடங்களில் உள்ளூர் ஆர்க்கிட்டின் காய்ப்பு குறைந்துபோனது. ஸ்பேத்தோகிளாட்டிஸ் தன்னாலே காய் பிடித்துச் சமாளித்துக்கொள்கிறது. பாதிக்கப்பட்ட அந்த உள்ளூர் இனம் எது தெரியுமா? பிளெட்டியா பாட்டுலா. நம் செடிகள் ஒரு காலத்தில் பெயர் கடன் வாங்கிய அதே பேரினம்.

இங்கே சாலையோரம் ரசிக்கிற செடியை அங்கே பிடுங்குகிறார்கள். இரண்டும் சரிதான்.

பாகான் டத்தோ அண்ணன்:

கடலோரத்தில் இந்த ஊதாவைவிட எனக்கு அடிக்கடி தெரிவது யூலோஃபியா கிராமினியா. மணலில், இலையே இல்லாத நேரத்தில் ஒரு குச்சி நிமிர்ந்து நிற்கும், பச்சை கலந்த சின்னப் பூ. அதுவும் நில ஆர்க்கிட்தான், 2007இல் புளோரிடாவிலும் கண்டுபிடித்துவிட்டார்கள். படம் நாளைக்குப் போடுகிறேன்.

பீடோர் அக்கா:

ஒரு சந்தேகம். சாலையோரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து வீட்டில் நடலாமா? எங்கள் தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள்.

நர்சரி வைத்திருப்பவர்:

வேண்டாம் அக்கா. மண்மேட்டில் நிற்பதை விட்டுவிடுங்கள். யார் வீட்டுத் தொட்டியிலாவது செடி அடர்ந்திருந்தால், பழைய கிழங்கை இரண்டு மூன்று முடிச்சாகப் பிரித்துக் கேளுங்கள், கொடுத்துவிடுவார்கள். மணல் கலந்த மண், முழு வெயில், தண்ணீர் தேங்கக் கூடாது. விதையில் முயற்சி செய்யாதீர்கள், அதற்கு ஒரு வகைப் பூஞ்சையின் துணை வேண்டும். தொட்டியில் தூவினால் பெரும்பாலும் வீண்தான்.