குட்டிக்கு லெதர் பந்தா?

ஞாயிறு, காலை 8.10

அண்ணன்: [படம்] குட்டி கிரிக்கெட் பயிற்சிக்குப் போக ஆரம்பித்து மூன்று வாரம்!

அம்மா: பேட் அவன் உயரத்துக்கு இருக்கிறதே.

அண்ணன்: வளர்கிற பிள்ளைதானே. இரண்டு வருஷத்துக்கு வரட்டும் என்று பெரிதாக வாங்கினேன்.

பி.டி. மாமா: தீபாவளிச் சட்டை என்றால் சரி. தூக்க முடியாத பேட்டைக் கீழ்க்கை பலத்தில்தான் இழுப்பான். எல்லாப் பந்தும் லெக் பக்கம், அதாவது அவன் கால் பக்கமாகவே போகும். பத்து வயதில் நேராக ஆடச் சொன்னால் வராது.

அண்ணன்: கோச் அதைத்தானே சொல்லித்தருகிறார் மாமா. முழங்கை மேலே, கால் முன்னே. அடிப்படை சின்ன வயதிலேயே விழ வேண்டும்.

பி.டி. மாமா: என்ன பந்து?

அண்ணன்: லெதர்.

பி.டி. மாமா: எத்தனை கிராம்?

அண்ணன்: பந்தை யாராவது எடை போடுவார்களா 😀

பி.டி. மாமா: போடுவார்கள். ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 133 முதல் 144. விதியிலேயே இருக்கிறது. இவனுக்கு ஆறு வயது.

அண்ணி: நானும் அதைத்தான் சொல்கிறேன். வீட்டில் பிளாஸ்டிக் பந்தை அழகாகப் பிடித்துக்கொண்டிருந்தவன், இப்போது எந்தப் பந்து வந்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறான்.

அண்ணன்: இதை என்னிடம் சொல்லவே இல்லையே?

அண்ணி: மூன்று முறை சொன்னேன்.

நான்: என் மகளுக்கு டென்னிஸில் முதலில் சிவப்புப் பந்துதான் கொடுத்தார்கள். சாதாரணப் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது. கோர்ட்டும் 11 மீட்டர்தான், முழுக் கோர்ட்டில் பாதிகூட இல்லை. பிறகு ஆரஞ்சு, பச்சை. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டியில் வழக்கமான மஞ்சள் பந்தே கூடாது என்று விதி.

பி.டி. மாமா: கூடைப்பந்திலும் மினி என்று உண்டு. வளையம் 3.05 மீட்டருக்குப் பதில் 2.60, பந்து 5ஆம் எண். இது தெரியாமல் நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரிய வளையத்தின் கீழ் நிறுத்தினேன். இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் வீசிப் பழகிவிட்டார்கள். எட்டாம் வகுப்புவரை அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அண்ணன்: அதற்காக மற்ற பையன்கள் முந்திப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

சித்தப்பா: இந்திய வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் 20 வயதுவரை தன் ஊர் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில்தானே ஆடினார்?

அண்ணன்: அதே நடராஜனுக்கு 2015இல் ரஞ்சிக் கோப்பைக்கு வந்ததும் பந்துவீசும் ஆக்‌ஷனில், கை மடங்குகிறதோ என்று சந்தேகம் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து மாற்ற வேண்டியதாயிற்று. முன்பே யாராவது சொல்லித்தந்திருந்தால்?

பி.டி. மாமா: நீ சொல்வது சரி. பந்துவீச்சில் கை மடங்குவதை எட்டு, ஒன்பது வயதிலேயே பார்த்துவிட வேண்டும். அந்த வயதில்தான் சொன்னதைக் கேட்டுத் திரும்பச் செய்வார்கள். அதுவும் லேசான பந்தில், கொஞ்ச ஓவர்கள் மட்டும். ஆறு வயதுக்கு ஓடி நிற்பது, எறிவது, பிடிப்பது போதும்.

அண்ணன்: அது தானாக வராதா?

பி.டி. மாமா: வராது. சாயங்காலம் ஒரு பந்தை எறியச் சொல். வலது கையால் எறிகிறவன் இடது காலை முன்னே வைக்கிறானா பார். முழங்கை அப்புறம்.

அம்மா: நீச்சலுக்கும் எட்டு வயதாக வேண்டுமா அண்ணா? நம்மைச் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளியபோது எனக்கு ஐந்துதான்.

பி.டி. மாமா: நீச்சலுக்குக் காத்திருக்கவே கூடாது. நாலு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் தயார். தள்ளத்தான் வேண்டாம்.

அண்ணன்: மூன்று மாதப் பணம் கட்டியாகிவிட்டது.

பி.டி. மாமா: போகட்டும். கோச்சிடம் டென்னிஸ் பந்து கேள். தரமாட்டேன் என்றால் அவனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போ.

மாலை 6.25

அண்ணன்: [வீடியோ] வலது காலைத்தான் வைக்கிறான்.

அம்மா: முதலில் எறிந்து காட்டுவது நீதானே? நீயும் வலது காலைத்தான் வைக்கிறாய்.