கேஷ்ல டேட்டா மாறுறத லிஸ்ட்னர் வெச்சு பாக்கறவங்க உங்க அனுபவத்த இங்க போடுங்க

வணக்கம் மக்களே. வேலை பெங்களூர் பெல்லந்தூர்ல, வீடு அல்சூர். ஆன்லைன் மளிகை டெலிவரிக்கு ஸ்டாக் பாக்கற சிஸ்டம் எங்க டீம்து. போன ஆயுத பூஜைக்கு அப்பாச்சி இக்னைட்டோட கன்டினியூவஸ் குவெரிய நம்பி நான் பட்டத எழுதறேன், இதே மாதிரி பட்டவங்க கீழ எழுதுங்க, புதுசா வர்ற பசங்களுக்கு ரொம்ப உதவும்.

ஒவ்வொரு பொருளோட ஸ்டாக்கும் இக்னைட் கேஷ்ல இருக்கு, அதாவது பல சர்வர் (ஒவ்வொன்னும் ஒரு நோடு) ஒன்னா சேர்ந்த கிளஸ்டரோட மெமரில. 10க்கு கீழ போனா பர்ச்சேஸ் ஆளுங்களுக்கு அலர்ட் போகணும். முன்னாடியெல்லாம் 30 செகண்டுக்கு ஒரு தடவ எஸ்க்யூஎல் போட்டு முழு கேஷையும் தேடுவோம், மாறுனதோ நாலு பொருள்தான் இருக்கும் ஆனா கிளஸ்டர் மொத்தமும் அதுக்கு வேலை செய்யும், அந்த 30 செகண்டுக்குள்ள தீந்த பொருளுக்கு ஆர்டர் விழுந்து அப்புறம் கேன்சல் ஆகும். அதான் கன்டினியூவஸ் குவெரிக்கு மாறுனோம். இதுல நாம போய் கேக்கறது கிடையாது, டேட்டா மாறுனா அதுவே வந்து சொல்லும். ரிமோட் ஃபில்டர்னு ஒன்னு டேட்டா இருக்கற நோடுலயே ஓடி வேண்டாதத அங்கயே தள்ளிடும், மிச்சம் மட்டும் நெட்வொர்க் தாண்டி நம்ம லோக்கல் லிஸ்ட்னருக்கு, அதாவது மாற்றம் வந்தா ஓடற நம்ம கோடுக்கு வரும். ஆரம்பத்துல ஏற்கனவே கேஷ்ல கிடக்கறத எடுத்துக்க இனிஷியல் குவெரி.

டெஸ்ட்ல அருமையா ஓடுச்சு. ப்ரொடக்‌ஷன்ல போட்டதும் ஒரு ஈவென்ட் கூட வரல, லாக்ல எரரும் இல்ல. பூஜைக்கு முந்தின நாள் காலைல பர்ச்சேஸ் அண்ணன் கே.ஆர். மார்க்கெட்லேர்ந்து போன் பண்றாரு, "தம்பி, சாம்பல் பூசணி எத்தன ஏத்தணும்னு அலர்ட் வரும்னியே, வண்டி ஒரு மணி நேரமா நிக்குதுப்பா"ன்னு. டாஷ்போர்ட திறந்து பாத்தா பூசணி 3ன்னு நிக்குது. எனக்கு கை நடுங்கிருச்சு, ஏன்னா அன்னிக்கு பெங்களூர்ல பூசணி இல்லாம எந்த வண்டிக்கும் எந்த கடைக்கும் பூஜை கிடையாது.

தப்பு எங்கன்னா, இக்னைட்டோட உதாரண கோட்ல குவெரியோட கர்சர் (ஓடற குவெரிய பிடிச்சு வெச்சிருக்கற கைப்பிடி) ஒரு ட்ரை பிளாக்குக்குள்ள இருக்கும், உள்ள ரெண்டு செகண்ட் ஸ்லீப்பும் இருக்கும். நான் அப்படியே எடுத்து, டெஸ்ட் முடிஞ்சதும் ஸ்லீப்ப மட்டும் தூக்கிட்டேன். பிளாக் முடிஞ்ச அந்த நொடியே கர்சர் மூடிக்கும், கர்சர் மூடுனா குவெரியும் நின்னு போச்சு, லிஸ்ட்னருக்கு அப்புறம் எதுவும் வராது. கர்சர கிளாஸ்ல ஒரு ஃபீல்டா வெச்சு, சர்வீஸ் நிக்கும்போது மட்டும் மூடற மாதிரி மாத்துனதும் அலர்ட் கொட்டுச்சு.

அன்னிக்கு சாயங்காலமே அடுத்தது. அலர்ட் போயிருச்சுன்னு குறிக்க லிஸ்ட்னருக்குள்ளயே அதே கேஷ்ல ஒரு புட் (எழுதற கட்டளை) போட்டிருந்தேன். எங்க லிஸ்ட்னர் சர்வர் நோடுலயே ஓடுது. கூட்டம் ஏறுனதும் ஆர்டரெல்லாம் அப்படியே நிக்குது, லாக்ல "பாசிபிள் ஸ்டார்வேஷன் இன் ஸ்ட்ரைப்ட் பூல்"னு வரி வரியா வருது (வேலை செய்யற த்ரெட்டுங்க மாட்டிக்கிட்டு நகரலன்னு அர்த்தம்), கூடவே எந்த த்ரெட் எங்க நிக்குதுன்னு காட்டற த்ரெட் டம்ப். டம்ப்ப மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சா நம்ம லிஸ்ட்னர் பேருதான் நடுவுல உக்காந்திருக்கு. அப்டேட்ட முடிச்சு வைக்க வேண்டிய த்ரெட்டே நம்ம லிஸ்ட்னருக்குள்ள இன்னொரு அப்டேட்டுக்கு காத்துட்டு இருந்தா வரிசை எப்படி நகரும்? இப்ப லிஸ்ட்னர் ஒரே வேலைதான் பண்ணுது, வந்தத ஒரு க்யூல போட்டுட்டு திரும்பிடும், எழுதறதெல்லாம் தனி த்ரெட். இக்னைட்ஏசிங்க்கால்பேக்னு ஒரு அன்னொடேஷனும் இருக்கு, அத போட்டா லிஸ்ட்னர் தனி பூல்ல ஓடும், ஒரே கீயோட மாற்றங்க வரிசை மாறாமலும் வரும்.

உங்களுக்கு எங்க அடிபட்டுச்சு?

— மும்பை செம்பூர்லேர்ந்து:

நாங்க ரெடிஸ், அதுவும் மெமரில டேட்டா வெக்கறதுதான். பஸ் டிக்கெட்ல சீட்ட 8 நிமிஷம் பிடிச்சு வைக்கறதுக்கு டிடிஎல் (கீயோட ஆயுசு நேரம்) போட்டு, எக்ஸ்பயர்ட் ஈவென்ட் வந்தா சீட்ட விடணும்னு எழுதியிருந்தோம். முதல்ல ஈவென்ட்டே வரல, ஏன்னா கீல நடக்கறத சொல்ற கீஸ்பேஸ் நோட்டிஃபிகேஷன் டீஃபால்ட்டா ஆஃப், கான்ஃபிக்ல நாமதான் ஆன் பண்ணணும். ஆன் பண்ணதும் லேட்டா வந்துச்சு. டிடிஎல் பூஜ்யமானதும் ஈவென்ட் வராதுங்க, ரெடிஸ் அந்த கீய நிஜமா அழிக்கும்போதுதான் வரும், அது யாராவது அந்த கீய தொட்டா நடக்கும் இல்லன்னா பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா எடுத்து பாக்கறப்ப நடக்கும். கணபதி லீவுக்கு கொங்கண் பக்கம் போற பஸ்ல காலி சீட்டு இருந்தும் ஃபுல்னு காட்டி, குழந்தைகளோட கவுன்டர்ல நின்ன குடும்பத்த திருப்பி அனுப்புனாங்க, அது எனக்கு இன்னும் மனசுல நிக்குது. இன்னொன்னு, இது பப்சப், கேக்கற ஆள் ரீஸ்டார்ட் ஆன நேரத்துல வந்தது போனதுதான், திரும்ப கிடைக்காது. கிளஸ்டர்ல ஒவ்வொரு நோடும் தன்கிட்ட இருக்கற கீக்கு மட்டும்தான் சொல்லும், எல்லா நோடுலயும் சப்ஸ்க்ரைப் பண்ணணும். இப்ப முடியற நேரத்த ஸ்கோரா வெச்சு, ஸ்கோர் வரிசைல அடுக்கற சார்ட்டட் செட்ல போட்டு, செகண்டுக்கு ஒரு தடவ நாங்களே பாத்து விடுறோம்.

— ஒயிட்ஃபீல்டுலேர்ந்து:

நானும் இக்னைட்தான் அண்ணே. எத்தன மாற்றம் நடந்துச்சுன்னு எண்ண ரிமோட் ஃபில்டருக்குள்ள ஒரு கவுன்டர் போட்டேன், சரியா டபுளா காட்டுச்சு. ரெண்டு நாள் தேடுனப்புறம்தான் புரிஞ்சது, ஃபில்டர் டேட்டாவோட முதல் காப்பி இருக்கற ப்ரைமரி நோடுலயும் ஓடும், மறு காப்பி இருக்கற பேக்கப் நோடுலயும் ஓடும். ப்ரைமரி விழுந்துட்டா பேக்கப் தன் க்யூல வெச்சிருக்கறத அனுப்பி ஈவென்ட் தவறாம பாத்துக்கும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. அதனால ஃபில்டர்ல சரியா தப்பான்னு மட்டும் சொல்லணும், வேற எதையும் எண்ணவோ எழுதவோ கூடாது. ஃபில்டர் கிளாஸ் சர்வர் நோடோட கிளாஸ்பாத்ல இருக்கணும், இல்லன்னா நோடுங்க கிளாஸ ஒன்னுக்கொன்னு அனுப்பிக்கற பியர் கிளாஸ் லோடிங் ஆன் பண்ணணும், அது டீஃபால்ட்டா கிடையாது.

ஒரு டவுட், இக்னைட்லயே ஈவென்ட் லிஸ்ட்னர்னு தனியா ஒன்னு இருக்கே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்யாசம்?

— அல்சூர்லேர்ந்து மறுபடியும்:

செம்பூர் நண்பர் சொன்னத எங்க டீம்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன், ரொம்ப நன்றிங்க.

தம்பி, அந்த ஈவென்ட்ஸ்ல நோடு வந்துச்சு போச்சு, பார்டிஷன் நகருது, கேஷ்ல படிச்சாங்க எழுதுனாங்கன்னு எல்லாமே வரும், அதனாலயே வேகம் குறையும்னு எல்லாத்தையும் ஆஃப்லதான் வெச்சிருக்காங்க, வேணுங்கற வகைய மட்டும் கான்ஃபிக்ல எழுதி ஆன் பண்ணணும். நோடு விழுந்தது தெரிய நாங்க அத வெச்சிருக்கோம். ஸ்டாக் மாறுறதுக்கு கன்டினியூவஸ் குவெரிதான், ஏன்னா நீங்க சொன்ன அந்த பேக்கப் க்யூ இதுக்குத்தான் இருக்கு. ஆனா லிஸ்ட்னர் வெச்ச நோடே விழுந்துட்டா அந்த குவெரியும் போச்சு, மறுபடி எழும்போது இனிஷியல் குவெரி இல்லாம ஆரம்பிச்சா நடுவுல மாறுனது தெரியவே தெரியாது. ஒரே பொருள் இனிஷியல் குவெரிலயும் வரலாம், லிஸ்ட்னருக்கும் வரலாம்னு நெனச்சே எழுதுங்க.

கடைசியா ஃபில்டர்ல ஒன்னு மாத்துனேன். முதல்ல புது எண்ணிக்கை 10க்கு கீழயான்னு மட்டும் பாத்தேன், 9, 8, 7ன்னு ஒவ்வொரு பூசணி விக்கும்போதும் அண்ணனுக்கு மெசேஜ். ஈவென்ட்ல பழைய மதிப்பும் கூடவே வருது, பழசு 10ஓ அதுக்கு மேலயோ இருந்து, புதுசு 10க்கு கீழன்னா மட்டும் விடுன்னு மாத்துனப்புறம் ஒரு பொருளுக்கு ஒரே மெசேஜ். தீபாவளிக்கு அண்ணன் மார்க்கெட்லேர்ந்து போன் பண்ணாரு, "தம்பி, வெல்லம் அலர்ட் வந்துச்சு, வண்டி ஏத்திட்டேன்"னு.