மறு: 'அரை இரட்டை'க்கு ஒரு நல்ல சொல் வேண்டும் (குரோஷா ஸ்வெட்டர்)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குன்னூர் அம்மையார் தம் ஸ்வெட்டர் செய்முறையைத் தமிழில் எழுதத் தொடங்கி, மூன்றாவது வரியிலேயே நின்றுபோனதாக எழுதியிருந்தார். அவருடைய ஸ்வெட்டர் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே வகைக் கண்ணியால் (ஸ்டிச்) ஆனது. ஆங்கிலத்தில் அது 'ஹாஃப் டபுள்', நேராக மொழிபெயர்த்தால் 'அரை இரட்டை'. அந்தக் கண்ணிக்குத்தான் தமிழில் பெயர் இல்லை. நாமோ இந்த வாரம் முழுவதும் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் 'குரோஷா' வேலையின் பெயரைத் தமிழாக்குவதிலேயே மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறோம்.

குரோஷாவை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பிரெஞ்சில் சிறு கொக்கி என்று பொருள்படும் அந்தச் சொல், மேசை விரிப்பும் தோரணமுமாக நம் வீடுகளுக்குள் வந்து குடியேறிவிட்டது. 'கொக்கிப்பின்னல்' மோசமில்லை, புதியவருக்கு விளக்க ஒருமுறை பயன்படும். 'துன்னல்' பொருந்தாது, அது தைப்பது, துன்னகாரர் தையற்காரர். யாழ்ப்பாண நண்பர் சொன்ன 'ரேந்தை' அழகான சொல்தான், போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றது. ஆனால் அது லேஸைக் குறிக்கிறது. ஸ்வெட்டரை ரேந்தை என்று அழைத்தால் ஓட்டை வழியே குளிர் உள்ளே வந்துவிடும். 'பின்னலாடை' திருப்பூருக்குச் சொந்தம். அங்கே ஒரு வரிசை வளையங்கள் முழுவதும் ஊசிகளில் உயிரோடு நிற்கும். குரோஷாவில் ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட முடியும்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> சிங்கிள் = ஒற்றைக் கண்ணி, டபுள் = இரட்டைக் கண்ணி, ஹாஃப் டபுள் = அரை இரட்டைக் கண்ணி. நேரான மொழிபெயர்ப்பு இருக்கும்போது ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

ஐயா, இரட்டையில் அரை என்றால் ஒன்று. ஒன்று என்றால் ஒற்றை. அப்படியானால் முதலாவதும் மூன்றாவதும் ஒரே கண்ணியா? இதைக்கூட வேடிக்கை என்று விட்டுவிடலாம். அமெரிக்காவில் 'சிங்கிள்' என்பதைத்தான் பிரிட்டனில் 'டபுள்' என்கிறார்கள். அமெரிக்காவின் 'டபுள்' பிரிட்டனில் 'டிரெபிள்'. நம்மூர்ப் பெண்கள் லண்டன் தங்கை அனுப்பிய புத்தகத்தையும் பார்க்கிறார்கள், அமெரிக்கக் காணொளியையும் பார்க்கிறார்கள். 'இரட்டைக் கண்ணி' என்று நாம் எழுதினால் எந்த ஊர் இரட்டை என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? ஊரார் சண்டையை நாம் ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும்? ஜெர்மானியர் இந்த வம்பே வேண்டாம் என்று, நெட்டையான கண்ணியைச் 'சிறுகோல்' என்ற பொருளில் ஒரு சொல்லால் அழைக்கிறார்கள். பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம்.

ஊசி என்ன செய்கிறது என்று பாருங்கள். மிகக் குட்டையான கண்ணியில், ஊசியை அடிவரிசையில் நுழைத்து நூலை இழுத்தால் ஊசியின்மேல் இரண்டு வளையங்கள் நிற்கும். மறுபடி நூலை எடுத்து இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பு. நெட்டையான கண்ணியில் நுழைப்பதற்கு முன்பே ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொள்கிறோம். நுழைத்து இழுத்தால் மூன்று வளையங்கள். முதலில் இரண்டின் வழியாக ஓர் இழுப்பு, பிறகு மீதி இரண்டின் வழியாக இன்னோர் இழுப்பு. குன்னூர் அம்மையாரின் கண்ணி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சுற்றுவது நெட்டையைப் போல, இழுப்பது குட்டையைப் போல: மூன்று வளையங்களையும் ஒரே மூச்சில் கடந்துவிடுகிறது. அதனால்தான் அது திரண்டு, மெத்தென்று இருக்கிறது. குட்டைக் கண்ணியில் முழு ஸ்வெட்டர் பின்னினால் விறைத்துக்கொண்டு நிற்கும், வேலையும் நகராது. நெட்டைக் கண்ணியில் பின்னினால் சல்லடை. கதகதப்பாகவும் வேண்டும், மார்கழிக்குள் முடியவும் வேண்டும் என்பவர்கள் இந்த நடுக் கண்ணியைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

ஆகவே என் முன்மொழிவு: குறுங்கண்ணி, இடைக்கண்ணி, நெடுங்கண்ணி. அதற்கும் மேலே, இருமுறை சுற்றுவது இருசுற்று நெடுங்கண்ணி, மும்முறை என்றால் முச்சுற்று நெடுங்கண்ணி. சொல் படிக்காமல் படம் பார்த்துப் பின்னுகிறவர்களுக்கும் இது ஒத்துவரும். குறிவரைபடத்தில் இடைக்கண்ணிக்கு ஆங்கில T எழுத்து வடிவம். நெடுங்கண்ணிக்கு அதே வடிவத்தின் தண்டில் ஒரு குறுக்குக் கோடு, இருசுற்றுக்கு இரண்டு கோடுகள்.

உயரத்தைச் சங்கிலியால் (வளையத்தின் வழியே நூலை இழுத்துத் தொடராகப் போடும் எளிய கண்ணி) அளந்து 'இருசங்கிலிக் கண்ணி', 'முச்சங்கிலிக் கண்ணி' என்று பெயரிடலாம் என்றார் ஒருவர். வரிசை திரும்பும்போது குறுங்கண்ணிக்கு 1, இடைக்கண்ணிக்கு 2, நெடுங்கண்ணிக்கு 3 சங்கிலி போடுவது வழக்கம் என்பதால் கணக்கு சரிதான். ஆனால் செய்முறையில் '2 சங்கிலி' என்று தனியாகவும் வரும். '2 சங்கிலி, 70 இருசங்கிலிக் கண்ணி' என்று படிக்கிறவர் பாடு திண்டாட்டம்.

'கண்ணி' என்றாலே பொறியும் கண்ணிவெடியும் நினைவுக்கு வருகின்றன என்று யாழ்ப்பாண நண்பர் எழுதியதைப் புறந்தள்ள மாட்டேன். ஆனால் வலை பின்னுகிற கடற்கரைக்காரர்களுக்கு அது அன்றாடச் சொல். சங்கிலிக்கும் கண்ணிதான், தொடுத்த பூவுக்கும் கண்ணிதான். நூலை வளைத்துக் கோக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்று அகப்படவில்லை. 'நெடுங்கண்ணி' அம்மன் பெயர்போல இருக்கிறதே என்று இன்னொருவர் சிரித்திருந்தார். இருக்கட்டுமே. வேல்நெடுங்கண்ணி கோயில்கொண்ட ஊரின் பெயரே சிக்கல். நூலோடு மாரடிக்கிறவர்களுக்கு வேறென்ன துணை வேண்டும்?

அடுத்து 'கேஜ்'. ஸ்வெட்டர் உடம்பில் ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்வது இதுதான். 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் எத்தனை வரிசை என்ற கணக்கு. 10 செ.மீ.க்கு 14 கண்ணி என்று செய்முறை சொல்கிறது. 140 கண்ணி போட்டால் சுற்றளவு 100 செ.மீ. உங்கள் கை இறுக்கமான கை, 16 விழுகிறது என்றால் அதே 140 கண்ணிக்கு 87.5 செ.மீ.தான் வரும். மார்பளவு 92 உள்ளவருக்கு அது ஸ்வெட்டர் அல்ல, தண்டனை. பெரிய ஊசிக்கு மாறி மறுபடி மாதிரித் துண்டு பின்னுவதைத் தவிர வழியில்லை. துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகுதான் அளக்க வேண்டும். கம்பளி நூல் தண்ணீர் கண்டால் குணம் மாறும்.

இதற்குக் 'கண்ணியடர்த்தி' என்று ஒரு பரிந்துரை வந்தது. சதுர அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்பதற்குத் துணித்துறையில் அடர்த்தி என்பதையே வைத்திருக்கிறார்கள். 'கேஜ்' என்றே விடலாம் என்றால், திருப்பூரில் '24 கேஜ்' என்பது பின்னும் இயந்திரத்தில் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு. நம்முடையது துணியின் கணக்கு. பிரிட்டனில் இதையே 'டென்ஷன்' என்கிறார்கள். நாம் 'இழுவிசை' என்று எழுதினால் இயற்பியல் ஆசிரியர்தான் ஸ்வெட்டர் பின்ன வேண்டும். கண்ணிக்கணக்கு என்று சொல்லலாமே? எண்ணிப் பார்ப்பது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

ரிப் (விளிம்பில் வரும் வரிவரியான நெகிழ்ப் பின்னல்), ஸ்வெட்டர் இரண்டு சொற்களையும் தொட வேண்டாம். 'கம்பளிச் சட்டை' என்றால் அக்ரிலிக் நூலில் பின்னுகிறவர்கள் எங்கே போவார்கள்?

அன்புடன்,
மதுரையிலிருந்து

*

மதுரை ஐயாவுக்கு வணக்கம்.

சொற்களைச் செய்முறையில் போட்டுப் பார்த்தேன். இப்படி வருகிறது:

"4ஆம் எண் (நடுத்தரத் தடிமன்) நூல், 5.5 மி.மீ. ஊசி. கண்ணிக்கணக்கு: 10 செ.மீ.க்கு 14 இடைக்கண்ணி. முதுகுப் பகுதி: 72 சங்கிலி போடவும். ஊசியிலிருந்து மூன்றாவது சங்கிலியில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஓர் இடைக்கண்ணி. மொத்தம் 70 கண்ணி. விட்டுவைத்த 2 சங்கிலி கணக்கில் சேராது. 2 சங்கிலி போட்டுத் திரும்பவும்."

தடங்கல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். விளக்கம் கேட்காமல் இரண்டு வரிசை பின்னிக் காட்டினாள். அவள் கை தளர்ந்த கை, 10 செ.மீ.க்கு 12தான் வந்தது. 5 மி.மீ. ஊசி கொடுத்திருக்கிறேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. தோளையும் பக்கவாட்டையும் சேர்க்கும் 'ஸ்லிப்' கண்ணியை முன்பு ஒருவர் 'வழுக்குக் கண்ணி' என்று எழுதியிருந்தார். அங்கே எதுவும் வழுக்குவதில்லை. இரண்டு விளிம்பையும் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. 'இணைகண்ணி' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஸ்வெட்டரின் கைப்பகுதியைத் தொடங்குவதற்கு முன் சொல்லுங்கள். அதன்பின் செய்முறையில் மாற்றமாட்டேன்.

குன்னூரிலிருந்து