பரிசுப் போட்டியில் வந்த 9,000 பேரை நீக்கிவிடலாமா?

தாள்மைனா:
பேனாவால் பறவைகள் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். மூன்று வருடத்தில் 2,100 பேர் சேர்ந்திருந்தார்கள். ஒரு படத்துக்குப் பதினைந்து இருபது கருத்துகள் வரும், எழுதுபவர்களில் பாதிப் பேரை எனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் நாலு பக்கங்களோடு சேர்ந்து, 'ஐந்து பேரையும் ஃபாலோ செய்யுங்கள், ஒருவருக்கு டேப்லெட் பரிசு' என்று ஒரு போட்டி வைத்தோம். ஒரே வாரத்தில் 11,000 தாண்டியது. இப்போது மீன்கொத்தி போட்டாலும் சரி, ஆந்தை போட்டாலும் சரி, மூன்றே கருத்து. அதிலும் ஒன்று, 'அடுத்த போட்டி எப்போது?' இந்த 9,000 பேரை நீக்கிவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
தாராளமாக நீக்குங்கள். நீக்கினால் அவர்களுக்கு அறிவிப்புகூடப் போகாது. 2016 இலேயே இன்ஸ்டாகிராம் நேர வரிசையைக் கைவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்து அடுக்க ஆரம்பித்துவிட்டது. உங்கள் ஆந்தை போட்டிக்காரர் முன்னால் போய் நிற்கிறது, அவர் அரை நொடியில் விரலால் தள்ளிவிடுகிறார். தள்ளியதும் ஒரு பதில்தானே? அப்படி நாலு பேர் தள்ளினால், உண்மையில் ஆந்தைக்காகக் காத்திருக்கும் ஐந்தாவது ஆளுக்கு அது போய்ச் சேருமா என்பதே சந்தேகம்.

கடைசிபெஞ்ச்:
பேசாதவரெல்லாம் செத்த கணக்கு என்று யார் சொன்னது? 2006 இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 90-9-1 என்று ஒரு விகிதத்தை எழுதினார். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது வாய் திறப்பார்கள், ஒரே ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். நான் அந்தத் தொண்ணூறில் ஒருவன். ஆறு வருடமாக இங்கே படிக்கிறேன், இது என் பதினோராவது பதிவு. கணக்கு சார் கையில் கத்தரி இருந்திருந்தால் நான் எப்போதோ போயிருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
அந்த விகிதம் விருப்பப்பட்டு வந்த கூட்டத்துக்கு, நண்பரே. பறவை பிடித்து வந்து மௌனமாக இருப்பவர் வேறு, டேப்லெட்டுக்காக வந்தவர் வேறு. எண்ணிக்கை குறைவது அவமானம் என்று நினைப்பதுதான் சிக்கல். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைக் கூட்டித் தள்ளியபோது பாடகர் ஜஸ்டின் பீபருக்கே ஏறக்குறைய 35 லட்சம் குறைந்தது. 2018 ஜூலையில் ட்விட்டரும், சந்தேகத்தின் பேரில் தானே பூட்டி வைத்திருந்த கணக்குகளை ஃபாலோயர் எண்ணிக்கையிலிருந்து கழித்தது. அதற்காக யாரும் கடையைக் கட்டிவிடவில்லை.

புதுமுகம்:
எதற்கு இவ்வளவு பேச்சு? 'பிடித்தால் லைக், நண்பரை டேக் செய்யுங்கள்' என்று ஒரு வரி போடுங்கள், கருத்து குவியும்.

கணக்குப்பிள்ளை:
அப்படி ஆளைக் கூவி இழுக்கும் பதிவுகளை ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே பின்னுக்குத் தள்ள ஆரம்பித்துவிட்டது.

ஓலைச்சுவடி:
வாடகை வீட்டில் கட்டிலை எந்த மூலையில் போடுவது என்று சண்டை போடுகிறீர்கள். வைன் என்ற வீடியோ செயலி நினைவிருக்கிறதா? 2013 இல் வந்தது, 2016 அக்டோபரில் மூடப்போவதாக அறிவித்தார்கள். ஆறு நொடி வீடியோவிலேயே லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தவர்கள், வேறு தளத்தில் போய் முதலிலிருந்து ஆள் சேர்த்தார்கள். மைனா, அந்தப் பழைய 2,100 பேரிடம் மின்னஞ்சல் முகவரி கேளுங்கள். இருநூறு பேர் கொடுத்தாலே பெரிய சொத்து.

கடைசிபெஞ்ச்:
என் மின்னஞ்சல் பெட்டியில் திறக்காத கடிதங்கள் நாலாயிரம் இருக்கின்றன, ஓலை ஐயா. அங்கேயும் மௌனம்தான், கண்ணுக்குத் தெரியாத மௌனம்.
மைனா, நீக்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். முடிந்த படத்தைப் போடாதீர்கள். பாதி வரைந்ததை ஸ்டோரியில் போட்டு, யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறங்கள். லைக் போடாதவர்கள்கூட அதில் இருப்பார்கள். அப்புறம், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பதையும் பாருங்கள். புதியவர்களிடம் போய்ச் சேர லைக்கைவிட அந்த அனுப்புதல்தான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே 2025 தொடக்கத்தில் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் தோழிக்கு அனுப்பிவிட்டுப் போகிறவர்தான் உங்களுக்கு ஆள் சேர்க்கிறார்.

கணக்குப்பிள்ளை:
அனுப்புகிறவர் போட்டிக்கூட்டத்தில் இருக்க மாட்டார். பந்தயம் கட்டுகிறேன்.

தாள்மைனா:
நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பாதி முடித்த மரங்கொத்தியை ஸ்டோரியில் போட்டேன். பார்த்தவர்கள் 340. பழைய பெயர்கள் நிறைய. கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நான் நினைத்தவர்கள் எல்லாம் வரிசையாக இருக்கிறார்கள். இரவு ஒரு செய்தி வந்தது. படமே இல்லாத கணக்கு, ஒரு லைக்கூடப் போட்டதில்லை. 'மரங்கொத்திக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். நீங்கள் முன்னால் மூன்று வரைந்திருக்கிறீர்கள்.' பெரிதாக்கிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. எவ்வளவு நாளாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், 'அந்த டேப்லெட் போட்டியில் வந்தேன், கிடைக்கவில்லை, பறவைகள் நன்றாக இருந்ததால் இருந்துவிட்டேன்' என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
பந்தயத்தில் தோற்றேன், சரி. ஆனால் 9,000 பேரில் ஒருவர். மீதி 8,999 பேர் என்ன செய்கிறார்கள்?

கடைசிபெஞ்ச்:
படம் இல்லாத கணக்கு என்றதும் நீங்கள் முதலில் தூக்கியிருக்கக்கூடிய ஆள் அவர்தான் சார்.

தாள்மைனா:
நேற்று உட்கார்ந்து, பெயரில் வெறும் எண்களாக இருந்த 400 கணக்குகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். கட்டைவிரல் வலிக்கிறது. மற்றவர்களை இப்போதைக்குத் தொடவில்லை. பழைய ஆட்கள் பதினெட்டு பேருக்குத் தனியாக எழுதினேன், ஐந்து பேர் பதில் போட்டார்கள். மரங்கொத்தியின் காலை மாற்றி வரைகிறேன், முடிந்ததும் முதலில் அந்தப் படமில்லாதவருக்குத்தான் அனுப்ப வேண்டும்.