அம்பை சைக்கிள் வக்கீல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தாமிரபரணிக்கரை:
அவர் காலமானார் என்று போன வாரம் தகவல் வந்ததிலிருந்து இது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. பெயர் வேண்டாம். அம்பாசமுத்திரம் கோர்ட்டுப் பக்கம் போனவர்களுக்கு சைக்கிள் வக்கீல் என்றாலே தெரியும்.

1996. தாத்தா இறந்து ஒரு வருஷம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பூர்வீக வயலில் தகராறு. பத்திரக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். காலை எட்டு மணி, வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். ரிப்பன் வாயில். அப்பா சொல்லச் சொல்ல ‘ம்’ மட்டும்தான் வந்தது. முடிச்சைப் போட்டுவிட்டு, ‘உம்ம தங்கச்சியைப் பத்திப் பேச்சே இல்லையேவே?’ என்றார்.

‘அவளுக்கு நாப்பது பவுன் போட்டு 91-லேயே கட்டிக் குடுத்தாச்சு.’

‘பவுன் வேற, பங்கு வேற. 89 மார்ச்சுக்குப் பொறவு கல்யாணம் ஆன பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல பங்கு உண்டு. அவளைக் கட்சி சேர்க்காம பாகக் கேஸ் போட்டா நிக்காது. நானும் போட மாட்டேன்.’

அப்பா என் கையிலிருந்த கட்டைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அந்தப் பிள்ளை இரட்டைச் சடையோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

வயக்காட்டான்:
எல்லாரும் அவரைத் தெய்வமாக்க வேண்டாம். எனக்கு ஒரு சுவர்க் கேஸ், நான் பிரதிவாதி. ‘வெறும் வாய்தாதான், நீரு வர வேண்டாம்’ என்றார். நானும் அறுப்புக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அவர் மகளைக் காலேஜில் சேர்க்கத் திருநெல்வேலி போய்விட்டார். கோர்ட்டு டவாலி மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் இல்லை, எக்ஸ்பார்ட்டி. எங்கள் பக்கம் ஆளே இல்லாமல் எனக்கு எதிராகத் தீர்ப்பு.

மறுநாள் எங்கள் ஊருக்கே சைக்கிளில் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. ‘தப்பு என்னுது’ என்றார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போட்டார், பீஸ் வாங்கவில்லை, செலவுத்தொகையும் அவரே கட்டினார். சரி. ஆனால் அதற்குள் எதிர்க்கட்சி சுவரை எழுப்பிவிட்டான். இன்றைக்கும் காலையில் கதவைத் திறந்தால் அதுதான் முன்னால் நிற்கிறது.

கோர்ட்டுவாசல்:
வயக்காட்டான் அண்ணாச்சி, கோபப்படாதீங்க. வக்கீலை மட்டும் குறை சொன்னால் எப்படி? கேஸ் உங்களுடையது. நானும் ஒரு ப்ரோநோட்டு விஷயமாக அவரிடம் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். நோட்டைத் திருப்பிப் பார்த்து, ‘மூணு வருஷம் தாண்டிப் பதினோரு நாள் ஆச்சு, இனி கேஸ் நிக்காது’ என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் என் கதை.

அதனால் சொல்கிறேன், கடன் கொடுத்தவர்கள் கவனியுங்கள். மூன்று வருஷம் முடிவதற்குள் கடன்காரரிடம் நூறு ரூபாயாவது வரவு வாங்கி, நோட்டின் பின்னால் தேதி போட்டு அவர் கையெழுத்தோடு எழுத வையுங்கள். அன்றிலிருந்து புது மூன்று வருஷம். நீங்களே எழுதிக்கொண்டால் செல்லாது. செக் திரும்பினால் பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதற்கப்புறம் கேஸ் போட உங்களுக்கு ஒரு மாதம். எக்ஸ்பார்ட்டி ஆனால் 30 நாளுக்குள் மனு. இப்போதெல்லாம் கேஸுக்குக் கோர்ட்டு கொடுக்கும் 16 எழுத்து சிஎன்ஆர் நம்பரைப் போனில் தட்டினால் அடுத்த வாய்தா தேதி வந்துவிடும். வக்கீல் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வயக்காட்டான்:
2001-ல் எந்தப் போனில் தட்டுவது தம்பி?

கல்லிடை அப்பளம்:
நான் அந்தப் பிள்ளையோடு படித்தவள். அவள் அம்மா டீச்சர், ஏழு மணிக்கே பஸ் பிடித்துவிடுவார்கள். அதனால் சடை அப்பா பொறுப்பு. இடது சடை எப்போதும் ஒரு விரற்கடை இறங்கித்தான் இருக்கும். நாங்கள் சிரித்தால், ‘இது வக்கீல் பின்னின சடை, அப்பீல் கிடையாது’ என்பாள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் கறுப்புக் கோட்டோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மழை வந்தால் கோட்டைக் கழற்றிப் புத்தகப்பையைத்தான் மூடுவார். சுவர்க்கார அண்ணாச்சி சொல்வதும் நிஜமாகத்தான் இருக்கும். மகள் காரியம் என்றால் அவருக்குக் கோர்ட்டெல்லாம் மறந்துபோகும்.

தாமிரபரணிக்கரை அண்ணே, உங்கள் அத்தைக்கு இது தெரியுமா?

தாமிரபரணிக்கரை:
தெரியாது. வேறு வக்கீலிடம் போய், அப்புறம் அண்ணன் தம்பி இருவரும் சமாதானமாகி 97-ல் பாகப் பத்திரம் பதிந்தார்கள். அதில் அத்தை கையெழுத்து இல்லை. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அத்தை இந்தத் தீபாவளிக்கும் வந்தாள். போகும்போது வயல் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்து, ‘இந்த வருஷம் நல்லா வெளஞ்சிருக்குடா’ என்றாள்.